மலிவான சீனப் பாகங்களில் சைக்கிள் கட்டுவோருக்கு

மலிவான சீனப் பாகங்களை வாங்கி ஒரு சைக்கிளை முழுதாகக் கட்ட முடியுமா என்று யாராவது கேட்டால், உங்களிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்றுதான் நான் முதலில் கேட்பேன். முடியும். பல வருடங்களாக நான் அப்படித்தான் கட்டி ஓட்டுகிறேன். ஆனால் இந்தப் பாகங்களின் விலை குறைந்ததற்கு ஒரு பெரிய காரணம், தொழிற்சாலையில் கடைசியாகச் செய்ய வேண்டிய சில வேலைகளைச் செய்யாமல் அனுப்பிவிடுவது. பேரிங்கில் கிரீஸ் போதுமான அளவு இருக்காது. மரைக்குள் பெயின்ட் அடைத்திருக்கும். ஸ்போக்குகளில் ஒன்று விறைப்பாகவும் அடுத்தது தொளதொளவென்றும் இருக்கும். உலோகம் பெரும்பாலும் நல்ல உலோகம்தான், முடிப்பு வேலைதான் பாக்கி. அந்த வேலையை நாம் செய்துவிட்டால் பல வருடம் ஓடும். பெட்டியைப் பிரித்ததும் அப்படியே மாட்டினால் சில மாதங்களிலேயே கரகரவென்று சத்தம் போட ஆரம்பிக்கும்.

சீனத் தயாரிப்பு என்றாலே மட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜப்பானியப் பாக நிறுவனமான ஷிமானோவுக்கே சீனாவின் குன்ஷான் நகரில் தொழிற்சாலை உண்டு. தைவானின் ஜெயன்ட் நிறுவனமும் அங்கே சைக்கிள் செய்கிறது. தியான்ஜினில் ஃபிளையிங் பிஜன் 1950-லிருந்து சைக்கிள் செய்துகொண்டிருக்கிறது. சென்சா, எல்-டூ, வீல்டாப் என்று கியர் அமைப்பையே சொந்தமாக வடிவமைக்கும் சீன நிறுவனங்களும் இன்று இருக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியது நாட்டின் பெயரை அல்ல. பாகத்தின் மேல் அளவும் மாடல் எண்ணும் பொறித்திருக்கிறதா, விற்பவர் வரைபடத்தோடு அளவுகளைத் தருகிறாரா, தேய்ந்துபோகும் உள்பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பெயர் தெரியாத பாகத்தையும் துணிந்து வாங்குவேன்.

சரி, கருவிகளுக்கு வருவோம். பாகங்களில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி கருவிகளுக்குப் போகும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பர், இறுக்கத்தை அளந்து காட்டும் சிறிய டார்க் ஸ்பேனர், நல்ல எஃகில் செய்த அல்லன் கீ செட், ஸ்போக்கை இறுக்கும் நிப்பிள் கீ, செயின் கட்டர், காசெட் (பின் சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) கழற்றும் சாவி, கிராங்க்குக்கும் (பெடல் மாட்டும் கை) பாட்டம் பிராக்கெட்டுக்கும் (கிராங்க்கின் அச்சைத் தாங்கும் பேரிங் அமைப்பு) பொருந்தும் கருவிகள். இவற்றில் வெர்னியரைத்தான் நான் அதிகம் கையில் எடுக்கிறேன். சீட் போஸ்ட்டில் 27.2 மிமீ, 30.9 மிமீ, 31.6 மிமீ என்று பல அளவுகள் உண்டு. 27.2 போக வேண்டிய குழாயில் 27.0 போட்டால் உள்ளே போகும், இறுக்கினால் பிடித்ததுபோலவும் இருக்கும். ஓட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். பிடிக்கவில்லையே என்று கிளாம்ப்பை மேலும் மேலும் இறுக்கினால் ஃப்ரேமின் வாய் பிளந்துவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் ஃப்ரேமின் துளையை நீங்களே அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஃப்ரேம் வந்ததும் முதலில் பாட்டம் பிராக்கெட் குழாயைப் பாருங்கள். மரை போட்ட வகையாக இருந்தால், ஆங்கில அளவு என்று சொல்லப்படும் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்பதுதான் பரவலாக இருப்பது. செயின் இருக்கும் பக்கத்துக் கப் இடது மரை, அதாவது கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். மலிவான அலுமினிய ஃப்ரேம்களில் இந்த மரைக்குள் பெயின்ட் புகுந்து காய்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கரைப்பானும் கொண்டு சுத்தம் செய்துவிட்டு, கப்பைக் கையாலேயே சில சுற்றுகள் திருப்பிப் பாருங்கள். கையால் போகவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். மரை பிடிக்கும் கருவி உள்ளவரிடம் கொடுத்து மரையை ஓட்டிவிடச் சொல்லுங்கள். குழாயின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் இரு பக்கத்துப் பேரிங்குகளும் கோணலாக உட்கார்ந்து சீக்கிரமே தேய்ந்துவிடும். அப்படித் தேய்ந்தால் பலரும் பேரிங்கைத்தான் குறை சொல்கிறார்கள்.

அதே ஃப்ரேமில் பின் டிரெய்லர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) தொங்கும் ஹேங்கரையும் பாருங்கள். இது வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்ட துண்டு. அனுப்பும் வழியில் பெட்டி இடிபட்டால் முதலில் வளைவது இதுதான். ஒரு டிகிரி வளைந்திருந்தாலும் எந்தத் திருகைத் திருப்பினாலும் கியர் ஒழுங்காக விழாது. நிமிர்த்துவதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அது இல்லாதபோது சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஹேங்கர் துளையின் மரை 10 மிமீ விட்டம், 1 மிமீ இடைவெளி. குயிக் ரிலீஸ் வகைப் (நெம்புகோலால் சக்கரத்தை இறுக்கும் வகை) பின் ஹப்பின் மரை போட்ட அச்சும் அதே அளவுதான். குயிக் ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு, இன்னொரு பின் சக்கரத்தின் அச்சை ஹேங்கரில் திருகினால் இரண்டு சக்கரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மேலும் கீழும் முன்னும் பின்னும் இரண்டு ரிம்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். புது ஃப்ரேம்தானே என்று இந்தச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

சக்கரத்தில்தான் மலிவுப் பாகத்தின் பலமும் பலவீனமும் சேர்ந்து தெரியும். சீல்டு பேரிங் போட்ட சீன ஹப்புகளில் பல நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கட்டமைப்பு. இரு முனையிலும் உள்ள மூடியைக் கையால் இழுத்தாலே கழன்று வருபவை நிறைய. அப்படி ஒன்றைப் புதிதாக இருக்கும்போதே பிரித்துப் பாருங்கள். நான் பிரித்தவற்றில் சிலவற்றில் ஃப்ரீஹப்புக்குள் (காசெட் மாட்டும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பகுதி) எண்ணெய்ப் பசையே இல்லை. ஒன்றில் கெட்டியான கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். இரண்டுமே தவறு. உள்ளே இருக்கும் பற்கள் சின்ன ஸ்பிரிங்கின் விசையில் எழுந்து பிடிக்க வேண்டியவை. கெட்டி கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பிடி நழுவி பெடல் சட்டென்று காலடியில் இறங்கிவிடும். அங்கே மெல்லிய கிரீஸோ கனமான எண்ணெயோ கொஞ்சம் போதும். கெட்டி கிரீஸுக்கு உரிய இடம் பேரிங்.

பேரிங் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அவற்றின் பக்கவாட்டில் 6902, 6001 என்று எண் பொறித்திருக்கும். இது சைக்கிளுக்கென்று வந்த எண் அல்ல, இயந்திர உலகம் முழுவதற்கும் பொதுவானது. 6902 என்றால் உள்விட்டம் 15 மிமீ, வெளிவிட்டம் 28, அகலம் 7. கூடவே 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி உண்டு. மலிவான ஹப்போடு வந்த பேரிங் தேய்ந்ததும் அதே எண்ணில் தரமான ஒன்றைப் போட்டுவிட்டால், அந்த இடத்தில் விலை உயர்ந்த ஹப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 24 மிமீ அச்சு உள்ள கிராங்க்கின் பாட்டம் பிராக்கெட்டிலும் இப்படித்தான்: பல கப்புகளில் இருப்பது 6805 என்ற 25 மிமீ பேரிங். அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் செருகி 24-க்குக் கொண்டுவருகிறார்கள். பேரிங்கை மட்டும் மாற்றி அந்த வளையத்தைத் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது. பால்ஸும் கோனும் (பால்ஸை அழுத்தி நிறுத்தும் கூம்பு) உள்ள பழைய வகை ஹப் வந்தால் இன்னும் எளிது. பிரித்து, துடைத்து, கிரீஸ் வைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கோனை நிறுத்தினால் போதும். புதிதாக வந்தவை பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்கியே இருக்கும்.

ஆயத்தமாகக் கோத்த சக்கரம் வாங்கினால் கோட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. ரிம் நேராகச் சுற்றும், ஆனால் ஸ்போக்குகளின் விறைப்பு தாறுமாறாக இருக்கும். ஒரே பக்கத்து ஸ்போக்குகளை விரலால் மீட்டிப் பாருங்கள். சுருதி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தொளதொளப்பாக இருக்கும் ஸ்போக், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தளர்ந்து மீண்டும் விறைக்கிறது. அப்படி ஆயிரக்கணக்கான முறை ஆடி ஆடித்தான் ஹப் அருகே உள்ள வளைவில் அது அறுகிறது. ஸ்போக் அறுந்தால் பெரும்பாலும் காரணம் அதிக விறைப்பு அல்ல, குறைந்த விறைப்பு. பின் சக்கரத்தில் செயின் பக்கம் வழக்கமாக 100-லிருந்து 120 கிலோ விசை அளவுக்கு விறைப்பு வைப்பார்கள், ரிம் செய்தவர் உச்ச வரம்பு சொல்லியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. சரிசெய்தபின் இணையாகப் போகும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையுறை போட்ட கையால் அழுத்திப் பிடித்து விடுங்கள். டிக் டிக்கென்று சத்தம் வந்தால் முறுக்கிக்கொண்டிருந்த ஸ்போக்குகள் விடுபடுகின்றன என்று அர்த்தம். பிறகு மறுபடியும் கோட்டம் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடும், ஆனாலும் மலிவுச் சக்கரத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. நிப்பிள் பித்தளையில் இருந்தால் நல்லது. வண்ண வண்ண அலுமினிய நிப்பிள்கள் அழகாகத்தான் இருக்கும், தலை உருண்டுவிடும்.

அப்புறம் கியர். இங்கே பாகத்தின் தரத்தைவிடப் பொருத்தம்தான் சிக்கல். ஷிஃப்டரில் ஒரு கிளிக் கேபிளை இத்தனை மில்லிமீட்டர் இழுக்கும், அதற்கு டிரெய்லர் இத்தனை மில்லிமீட்டர் நகரும் என்று ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு விகிதம் உண்டு. ஷிமானோவின் 8, 9 வேக அமைப்புகளில் (பின்னால் அத்தனை பற்சக்கரங்கள் உள்ளவை) ரோடு டிரெய்லரும் மவுண்டன் டிரெய்லரும் ஒரே விகிதம், அதனால் கலந்து போடலாம். 10 வேகத்தில் அவை பிரிந்துவிட்டன. சீன நிறுவனங்கள் சில ஷிமானோவின் விகிதத்தை ஒட்டியும், சில அமெரிக்க நிறுவனமான ஸ்ராமை ஒட்டியும், சில தங்களுக்கென்று தனியாகவும் செய்கின்றன. எண்ணிக்கை ஒன்றுதானே, ‘10 வேகம்’ என்று போட்டிருக்கிறதே என்று ஷிஃப்டர் ஒன்றும் டிரெய்லர் இன்னொன்றுமாக வாங்கினால் என்ன ஆகும்? நண்பர் ஒருவர் அப்படிக் கட்டிய சைக்கிளைக் கொண்டுவந்தார். நடுவில் உள்ள மூன்று நான்கு பற்சக்கரங்களில் எல்லாம் அருமை, இரு ஓரத்திலும் செயின் தாவித் தாவி விழுந்தது. ஒவ்வொரு கிளிக்கிலும் பத்தில் ஒரு பங்கு பிசகினால், ஒன்பது கிளிக் முடியும்போது கிட்டத்தட்ட ஒரு பற்சக்கரத்தின் இடைவெளி பிசகிவிடும். எந்தத் திருகாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஷிஃப்டரையும் பின் டிரெய்லரையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் ஜோடியாக வாங்குங்கள். காசெட்டையும் செயினையும் வேறு இடத்தில் வாங்கலாம், பற்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஒரே வேக எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றுதான்.

காசெட்டில் எடை குறைந்ததைத் தேடாதீர்கள். எஃகில் செய்த கனமான மலிவுக் காசெட் நன்றாக உழைக்கும். ஃப்ரீஹப்பின் உடல் அலுமினியமாக இருந்தால், தனித்தனியாக வரும் எஃகுப் பற்சக்கரங்கள் அதில் பள்ளம் தோண்டிவிடும். பிறகு காசெட்டைக் கழற்றுவதே பெரும்பாடு. மலிவான ஹப் என்றால் எஃகு உடல் உள்ளதையே எடுங்கள். காசெட்டின் பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும், கையில் பிடித்த அளவு போதாது. 11 வேக ரோடு காசெட்டுக்கு ஃப்ரீஹப் 1.85 மிமீ நீளமாக இருக்க வேண்டும் என்பதையும் வாங்கும் முன் பாருங்கள். அந்த நீள உடலில் 8, 9 வேகக் காசெட்டைப் போடுவதாக இருந்தால் அதே அளவு வாஷர் ஒன்றை முதலில் போட்டால் சரியாகிவிடும்.

பிரேக்கில் நான் கண்டிப்பானவன். கேபிளில் இயங்கும் மலிவான டிஸ்க் பிரேக் மோசமில்லை, ஆனால் அதன் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்துப் பேடு மட்டுமே நகரும். அது டிஸ்க்கை வளைத்து எதிர்ப் பக்கத்துப் பேடில் கொண்டுபோய் அழுத்தும். ஆகவே நகராத பேடை, டிஸ்க்கில் உரசாத அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே வைக்க வேண்டும். பேடு தேயத் தேய இரண்டு பக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். கூடவே வரும் பேடைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல பேடு போட்டாலே பிடிமானத்தில் வித்தியாசம் தெரியும். புதுப் பேடு, புது டிஸ்க் என்றால் மிதமான வேகத்திலிருந்து நின்றுவிடாமல் மெதுவாகும்வரை இருபது தடவையாவது பிரேக் பிடித்துப் பழக்கிவிடுங்கள். புது டிஸ்க் பொதுவாக 1.8 மிமீ தடிமன் இருக்கும். 1.5-க்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்காக இருந்தால், மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் என்ற கார் பிரேக் திரவத்தை ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிள் செட் மொத்தமாக வாங்கும்போது கியர் உறையையும் பிரேக் உறையையும் குழப்பிவிடாதீர்கள். பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறைக்குள் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அவற்றைப் பிடித்து வைத்திருப்பது வெளியே உள்ள பிளாஸ்டிக் மட்டுமே. அவசரமாகப் பிரேக்கை இறுகப் பிடிக்கும் நேரத்தில் அந்த விசை தாங்காமல் உறை பிளந்துவிடும். வெட்டிய முனையைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஃபோர்க், ஹேண்டில்பார், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்து நிற்கும் துண்டு), டயர், பிரேக் பேடு. பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பாரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன். அலுமினியத்தில் விரிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், சத்தம் காட்டும். கார்பன் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒடியக்கூடும். பிரபல நிறுவனங்களின் பெயரை ஒட்டிய போலிகளும் இந்தப் பாகங்களில்தான் அதிகம். சைக்கிள் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஃபோர்க்கையும் ஹேண்டில்பாரையும் திரும்பத் திரும்ப விசை கொடுத்துச் சோதிப்பது அதில் அடக்கம். அதன்படி சோதித்ததாகச் சொல்பவரிடமிருந்து சாதாரண அலுமினிய ஹேண்டில்பாரை வாங்குங்கள். நூறு கிராம் கூடினால் கூடட்டும்.

போல்ட்டுகளைப் பற்றியும் கொஞ்சம். மலிவான ஸ்டெம்களின் குறை பல நேரம் போல்ட்டில்தான் இருக்கும்: தலைக்குள் அல்லன் கீ சுழன்று அறுகோணம் வட்டமாகிவிடும். ஒரே அளவில் 8.8, 10.9, 12.9 என்று தலையில் எண் பொறித்த எஃகு போல்ட்டுகள் எங்கும் கிடைக்கும், எண் கூடினால் வலு கூடும். துருப்பிடிக்காத எஃகில் ஏ2-70 என்பது 8.8-ஐ விடச் சற்றுக் குறைவு. தண்ணீர் பாட்டில் தாங்கிக்கு அது போதும். வண்ண அலுமினிய போல்ட்டுகளுக்கும் அந்த இடம்தான். ஸ்டெம்மிலோ பிரேக்கிலோ அவை வேண்டாம். ஸ்டெம் போல்ட்டுகள் பொதுவாக 5 நியூட்டன் மீட்டரைச் சுற்றி, பாகத்தில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. இரண்டு போல்ட்டால் பிடிக்கும் கிராங்க் கையில் 12-லிருந்து 14 வரை, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், அதற்கு மேல் இறுக்கினால் பேரிங்தான் அடி வாங்கும்.

கட்டி முடித்த சைக்கிளை நூறு கிலோமீட்டர் போல ஓட்டியதும் மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுவேன். கேபிள் உறைகள் அமர்ந்து கேபிள் தளர்ந்திருக்கும். கிராங்க் போல்ட், டிஸ்க்கின் ஆறு திருகுகள், ஸ்போக் விறைப்பு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தால் அதன்பின் நீண்ட நாளைக்குத் தொந்தரவு இருக்காது. சதுர அச்சு கிராங்க்கைத் தளர்ந்த நிலையில் ஓட்டினால் துளை உருண்டு அந்தக் கையே வீணாகிவிடும் என்பதால் அதை மட்டும் சற்றுச் சீக்கிரமே பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு பராமரிப்பு என்றால் முக்காலும் செயின்தான். அங்குல அளவு போட்ட எஃகு ஸ்கேல் ஒன்று போதும். ஒரு பின்னின் மையத்தில் பூஜ்ஜியத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் மையம் சரியாக வரும். அது கோட்டைத் தாண்டிப் பதினாறில் ஒரு அங்குலம் போயிருந்தால் செயின் ஏறக்குறைய 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது. 11, 12 வேகச் செயினை அப்போதே மாற்றுங்கள். 8-லிருந்து 10 வரை என்றால் 0.75 வரை விடலாம். மலிவுச் செயினைக் காலத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் காசெட் பல செயின்களுக்குத் தாங்கும். எண்ணெய் விடுவதில் பலரும் தாராளமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே இருப்பதையெல்லாம் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்துத் தேய்மானத்தைத்தான் கூட்டும்.

மலிவு நிறுவனங்களில் ஒரு மாடல் சில வருடம் வரும், பிறகு சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதனால் கட்டும்போதே ஒவ்வொரு பேரிங்கின் எண், டிரெய்லரின் மாடல், பேடின் வடிவம், ஸ்போக்கின் நீளம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைக்கிறேன். ஹேங்கரை மட்டும் ஃப்ரேமோடு சேர்த்தே இரண்டாவதாக ஒன்று வாங்கி, சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுவிடுங்கள். அதன் வடிவம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.